பங்கு விலை ஏறியிருக்கிறது. வாங்க ஆள் இருக்கிறாரா?

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்குக் காலை பதினொரு மணி என்பது தலை நிமிர நேரமில்லாத நேரம். ஒரு பக்கம் நாட்டாமிகள் மூடை இறக்குவார்கள். மறுபக்கம் வெளியூர் வியாபாரிகள் பருப்பு விலையும் செத்தல் மிளகாய் விலையும் கேட்டு நிற்பார்கள். கடந்த மாதம் அப்படியொரு வேளையில்தான் என் தாத்தாவின் மகன் கடைக்குள் வந்தான். முதலாம் குறுக்குத் தெருவில் கையடக்கத் தொலைபேசி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சுறுசுறுப்பான பிள்ளை. வந்ததும் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. இன்டைக்கு மட்டும் பத்தொன்பதரை வீதம் ஏறியிருக்கு. கைல ஒன்றேகால் இலட்சம் இருக்கு. எடுக்கவா?"

"அது என்ன காசு?" என்றேன்.

"அடுத்த மாசம் சரக்குக்குக் கட்ட வேண்டிய காசு. அதுக்கு முந்தி வித்து எடுத்துடலாம்."

பங்குச் சந்தைத் திரையில் பச்சை நிறத்தில் 24 ரூபா 50 சதம் என்று மின்னிக் கொண்டிருந்தது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "சரி, வாங்குறவங்களின் பக்கத்தைக் காட்டு."

அவன் விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பிறகு, "அது எங்க மாமா இருக்கு?" என்றான்.

அந்தக் கேள்விதான் இன்றைய கட்டுரைக்குக் காரணம். நம்மவர்கள் பலர் இன்று பங்குச் சந்தைக்குள் காலடி வைத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை நிலையம் கையடக்கத் தொலைபேசிச் செயலியைக் கொண்டு வந்த பிறகு, கணக்குத் திறப்பதற்குக் கோட்டையில் உள்ள உலக வர்த்தக மையத்துக்கு ஏறி இறங்க வேண்டிய தேவையும் இல்லாமற் போனது. கணக்குத் திறப்பது எளிதாகி விட்டது. ஆனால் திரையில் தெரியும் இலக்கங்களை வாசிக்கத் தெரிந்துதான் எல்லோரும் உள்ளே வருகிறார்களா என்பது சந்தேகமே. எந்தக் கம்பனியின் பங்கை வாங்கலாம், எது நமக்கு ஆகாது என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். இன்று நான் பேச வந்தது விலையை வாசிக்கும் விடயத்தை மட்டுமே.

கடைசி விலை என்றால் என்ன?

திரையில் பெரிய எழுத்தில் தெரிவது கடைசியாகக் கைமாறிய விலை. அதாவது, யாரோ ஒருவர் விற்று, யாரோ ஒருவர் வாங்கி முடித்து விட்ட விலை. அந்த வியாபாரம் முடிந்து போனது. அதே விலையில் உங்களிடம் வாங்க அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

நம் தொழிலில் வைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டு அவசரத்தில் ஒருவர் ஓடி வந்து ஒரு கிலோ செத்தல் மிளகாயைச் சொன்ன விலைக்கு வாங்கிச் செல்கிறார். அதை வைத்து, என் களஞ்சியத்தில் கிடக்கும் நூறு மூடைக்கும் அதுதான் விலை என்று நான் கணக்கு எழுதுவேனா? எழுதினால் பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் அதே நாம் பங்குச் சந்தையில் அதைத்தான் செய்கிறோம்.

மருமகன் காட்டிய திரையை அப்படியே இங்கே தருகிறேன். கம்பனியின் பெயர் நமக்கு வேண்டாம்.

முதல் நாள் முடிவு விலை 20 ரூபா 50 சதம். கடைசி விலை 24 ரூபா 50 சதம். மாற்றம் 4 ரூபா, அதாவது 19.5 வீதம். இதுவரைக்கும்தான் அவன் வாசித்திருந்தான். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னும் மூன்று இலக்கங்கள் இருந்தன. கைமாறிய பங்குகள் 1,150. வியாபாரங்களின் எண்ணிக்கை 3. மொத்தப் புரள்வு 25,525 ரூபா.

அந்த மூன்று வியாபாரங்களையும் திறந்து பார்த்தோம். 22 ரூபாவுக்கு ஆயிரம் பங்குகள். 23 ரூபாவுக்கு நூறு பங்குகள். 24 ரூபா 50 சதத்துக்கு ஐம்பது பங்குகள். மொத்தப் புரள்வைப் பங்குகளின் எண்ணிக்கையால் பிரித்தால் அன்றைய சராசரி விலை 22 ரூபா 20 சதம் அளவில்தான் வருகிறது. ஐம்பது பங்கு, அதாவது 1,225 ரூபா வியாபாரம், ஒரு கம்பனியின் விலையைப் பத்தொன்பதரை வீதம் ஏற்றிக் காட்டியிருக்கிறது! எங்கள் தெருவில் மதியச் சாப்பாட்டுக்கு நான்கு பேர் சேர்ந்து போனால் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

ஆகவே சகோதரர்களே, வீதத்தைப் பார்க்கும் முன் எத்தனை பங்கு, எத்தனை வியாபாரம், எவ்வளவு பணம் என்ற மூன்றையும் பாருங்கள். புரள்வு பெரிதாக இருந்தாலும் வியாபாரங்களின் எண்ணிக்கையைப் பார்க்கத் தவறாதீர்கள். பெரும் பங்குதாரர் இருவர் முன்கூட்டியே பேசி முடித்துக் கொண்டு ஒரே தடவையில் இலட்சக்கணக்கான பங்குகளைக் கைமாற்றுவதும் உண்டு. தரகர்கள் அதைக் 'குறொஸிங்' என்பார்கள். அன்றைய புரள்வு கோடிக் கணக்கில் தெரியும். ஆனால் சாதாரண வாங்குநர் ஒருவர்கூட அன்று அந்தப் பங்கைத் தேடி வராமல் இருந்திருக்கலாம்.

பிட் என்பதும் ஆஸ்க் என்பதும்

இப்போது நான் கேட்ட 'வாங்குபவர் பக்கத்துக்கு' வருவோம். ஒவ்வொரு பங்குக்கும் திரையில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒரு வரிசையில், இன்ன விலைக்கு இத்தனை பங்கு வாங்கத் தயார் என்று நிற்பவர்கள். இதுதான் பிட். மற்ற வரிசையில், இன்ன விலைக்கு இத்தனை பங்கு விற்கத் தயார் என்று நிற்பவர்கள். இது ஆஸ்க். நீங்கள் உடனே விற்க வேண்டுமானால் பிட் விலையில்தான் விற்க முடியும். உடனே வாங்க வேண்டுமானால் ஆஸ்க் விலையில்தான் வாங்க முடியும். கடைசி விலை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ கிடக்கும்.

மருமகனின் பங்குக்கு அந்த நேரத்தில் விற்பவர் பக்கத்தில் 24 ரூபா 90 சதத்துக்கு 2,000 பங்குகளும், 25 ரூபா 50 சதத்துக்கு 3,000 பங்குகளும் இருந்தன. வாங்குபவர் பக்கத்தில் 20 ரூபாவுக்கு 500, 19 ரூபா 50 சதத்துக்கு 1,000, 19 ரூபாவுக்கு 1,500, 18 ரூபாவுக்கு 2,000 என்று நின்றது. அதற்குக் கீழே ஒருவரும் இல்லை.

கடையில் கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

அவன் 5,000 பங்குகள் வாங்குகிறான். முதல் 2,000க்கு 49,800 ரூபா. அடுத்த 3,000க்கு 76,500 ரூபா. மொத்தம் 126,300 ரூபா. தரகுப் பணம், பங்குப் பரிவர்த்தனை நிலையத்தின் கட்டணம், மத்திய வைப்புத் திட்டத்தின் கட்டணம், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் கட்டணம், அரசாங்கத்தின் பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி என எல்லாம் சேர்த்து நம் போன்ற சிறியவர்களுக்குச் சுமார் 1.12 வீதம் வரும். அது 1,414 ரூபா. ஆக அவன் கையை விட்டுப் போவது 127,714 ரூபா.

வாங்கிய அடுத்த நிமிடமே ஏதோ அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால்? 500 பங்குக்கு 10,000. ஆயிரத்துக்கு 19,500. ஆயிரத்து ஐந்நூறுக்கு 28,500. இரண்டாயிரத்துக்கு 36,000. மொத்தம் 94,000 ரூபா. விற்கும்போதும் அதே 1.12 வீதம் உண்டு. அது போகக் கைக்கு வருவது 92,947 ரூபா.

ஒரு நிமிடத்தில் 34,767 ரூபா நட்டம். கால் பங்குக்கும் மேல்! இத்தனைக்கும் அந்தக் கம்பனிக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. திரையில் இன்னும் பச்சை நிறம்தான். அவனுடைய கணக்கிலும் 5,000 பங்கு, பெறுமதி 122,500 ரூபா என்றுதான் காட்டியிருக்கும்.

எல்லாப் பங்கும் இப்படியல்ல. நாள்தோறும் நூற்றுக்கணக்கான வியாபாரம் நடக்கும் பெரிய கம்பனிகளில் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையில் சில சதங்கள்தான் இருக்கும். பத்தாயிரம் பங்கு விற்றாலும் விலை அசையாது. இந்த இடைவெளியையும் வரிசையின் நீளத்தையும் வைத்துத்தான் ஒரு பங்கு ஓடும் சரக்கா, தூங்கும் சரக்கா என்று அறியலாம். கொழும்புச் சந்தையில் பல கம்பனிகளின் பங்குகளில் பெரும்பகுதி தாய்க் கம்பனியிடமோ ஒரு சில குடும்பங்களிடமோ இருக்கிறது. வெளியே சுற்றுவது கொஞ்சம்தான். அதனால்தான் நம் நாட்டில் தூங்கும் சரக்கு அதிகம்.

நான் கொடுத்த செக்

இதெல்லாம் புத்தகம் படித்துத் தெரிந்து கொண்டதல்ல. பணம் கொடுத்துப் படித்த பாடம்.

யுத்தம் முடிந்த பிறகு சந்தை எப்படி ஓடியது என்பது பலருக்கு நினைவிருக்கும். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2009இல் 125 வீதமும், 2010இல் 96 வீதமும் ஏறியது. தேநீர்க் கடையிலும் பங்குப் பேச்சு. பள்ளிவாசல் வாசலிலும் பங்குப் பேச்சு. நானும் 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறிய கம்பனியின் பங்குகளை வாங்கத் தொடங்கினேன். 20,000 பங்குகளைச் சேர்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. சராசரி விலை 42 ரூபா. போட்ட பணம் 8 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா.

2011 ஜனவரி இறுதியில் திரை 78 ரூபா காட்டியது. இருபதாயிரத்தால் பெருக்கினேன். 15 இலட்சத்து 60 ஆயிரம்! வீட்டில் சொல்லவில்லை. மனதுக்குள் வைத்துக் கொண்டு நடந்தேன்.

பெப்ரவரியில் நல்ல விலையில் ஒரு தொகைப் பருப்பு வந்தது. இறக்குமதியாளருக்குப் பதினைந்து நாள் தவணை வைத்து 12 இலட்சம் ரூபாவுக்கு செக் எழுதிக் கொடுத்தேன். வங்கிக் கணக்கில் அந்தக் காசு இல்லை. ஆனால் பங்கு இருக்கிறதே! விற்றால் காசு. இன்னும் மூன்றரை இலட்சம் மிஞ்சும். இதுதான் என் கணக்கு.

தரகருக்குத் தொலைபேசி எடுத்து விற்கச் சொன்னேன். முதல் நாள் 74 ரூபாவுக்கு 300 பங்கு போனது. பிறகு 70 ரூபாவுக்கு 500. அதற்கு மேல் வாங்க ஆளில்லை. மறுநாள் வாங்குபவர் வரிசை 66இல் தொடங்கியது. நான் விற்க வந்ததே விலையைக் கீழே தள்ளுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. அதோடு இன்னொன்றும் விளங்கியது. இரண்டு மாதமாக அந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றியவர்களில் நானும் ஒருவன்! நான் வாங்க வாங்க விலை ஏறியது. அதைப் பார்த்து நானே மகிழ்ந்து மேலும் வாங்கினேன். நான் வாங்குவதை நிறுத்திய பிறகு, அதை வாங்குவதற்குப் பெரிதாக யாரும் இருக்கவில்லை.

அதே பெப்ரவரி நடுப்பகுதியில் சுட்டெண் 7,800ஐத் தாண்டி உச்சம் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கியது. ஒன்பது வியாபார நாட்களில் நான் விற்க முடிந்தது 12,000 பங்குகள். சராசரி 53 ரூபா. தரகுச் செலவு போகக் கையில் 6 இலட்சத்து 28 ஆயிரம் அளவில் இருந்தது. செக் 12 இலட்சத்துக்கு.

புறக்கோட்டையில் செக் திரும்புவது என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருபது வருடம் கட்டிய பெயர் ஒரு பின்னேரத்தில் போய்விடும். அடுத்த நாள் தெருவில் ஒருவரும் கடனுக்கு ஒரு மூடை தர மாட்டார்கள். செக்கின் திகதிக்கு முதல் நாள் இஷாவுக்குப் பிறகு என் நானாவின் வீட்டுக்குப் போனேன். விடயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய்க் காசைக் கொண்டு வந்து மேசையில் வைத்து விட்டு, ஒன்றுதான் கேட்டார்.

"வாங்க ஆளில்லாத சரக்குக்கு யாருடா விலை போட்டது?"

பங்குச் சந்தையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வாழ்நாள் முழுவதும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்றவர். ஆனால் இரண்டு மாதம் திரையைப் பார்த்துக் கொண்டிருந்த நான் கேட்காத கேள்வியை அவர் ஒரு நிமிடத்தில் கேட்டு விட்டார்.

மிச்சம் 8,000 பங்குகளை 2012இல் 24 ரூபாவுக்கு விற்றேன். அப்போது சுட்டெண்ணும் 5,000க்குக் கீழே இறங்கியிருந்தது. மொத்தமாகப் பார்த்தால் போட்ட 8 இலட்சத்து 40 ஆயிரத்தில் 12 ஆயிரமும் தரகுச் செலவும்தான் நட்டம். அல்ஹம்துலில்லாஹ், அது தாங்கக் கூடிய நட்டம். ஆனால் இல்லாத பதினைந்தரை இலட்சத்தை இருப்பதாக நம்பிக் கையெழுத்துப் போட்டேனே, அதுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

சுட்டெண் ஏறினால் நமக்கென்ன?

செய்தியில் தினமும் சொல்லப்படும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 1985ஆம் ஆண்டை 100 என்று வைத்துக் கணிக்கப்படுகிறது. பெரிய கம்பனிகளுக்குப் பெரிய பாரம், சிறியவற்றுக்குச் சிறிய பாரம். ஆகவே நான்கைந்து பெரிய கம்பனிகள் ஏறினாலே சுட்டெண் ஏறிவிடும். உங்கள் பங்கு அன்று இறங்கியும் இருக்கலாம். மற்றது எஸ் அண்ட் பி ஸ்ரீலங்கா 20 சுட்டெண். பழைய மிலங்கா சுட்டெண்ணுக்குப் பதிலாக 2012இல் வந்தது. நன்கு கைமாறும் இருபது பெரிய கம்பனிகளை மட்டும் கொண்டது. 2025இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 20,000ஐத் தாண்டியபோது பலரும் என்னிடம் "எல்லாம் ஏறுதாமே" என்றார்கள். எல்லாம் ஏறுவதில்லை. பருப்பு விலை ஏறியது என்பதற்காக என் களஞ்சியத்தில் பூச்சி பிடித்த பயறு விலை போகாது.

விலையே இல்லாத நாட்களும் உண்டு என்பதையும் மறந்து விடக் கூடாது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை சந்தை மூடிக் கிடந்தது. திறந்த அன்றே 20 கம்பனிச் சுட்டெண் 10 வீதம் விழுந்ததால் அன்றைய வர்த்தகம் நிறுத்தப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரல் 18 முதல் 22 வரை ஐந்து நாட்கள் ஆணைக்குழு சந்தையை மூடியது. சந்தைக்குப் பூட்டு விழலாம். ஆனால் நீங்கள் கொடுத்த செக்கின் திகதிக்கு யாரும் பூட்டுப் போட மாட்டார்கள்.

ஏமாற்றும் இலக்கங்கள்

விலை இறங்கியது போலத் தெரிந்தும் இறங்காத சந்தர்ப்பங்கள் உண்டு. 2024இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் தன் ஒரு பங்கைப் பத்துப் பங்குகளாகப் பிரித்தது. இருநூறு ரூபா அளவில் இருந்த விலை இருபது ரூபா அளவுக்கு வந்தது. விடயம் தெரியாத ஒருவர் தொண்ணூறு வீதம் விழுந்து விட்டது என்று பதறியிருப்பார். உண்மையில் நூறு பங்கு வைத்திருந்தவரிடம் ஆயிரம் பங்கு இருந்தது. ஒரு கிலோப் பொதியை நூறு கிராம் பொதிகளாகப் பிரித்து விலை போடுவது போலத்தான். அதேபோல் பங்கிலாபத்துக்கு உரித்தான நாள் கடந்ததும் விலை அந்தத் தொகை அளவுக்கு இறங்குவது வழக்கம். பிரிப்புக்கு முந்திய பழைய உச்ச விலையை இன்றைய விலையோடு ஒப்பிட்டு "மலிவு" என்று வாங்கினால் தவறு உங்களுடையது.

பெயரையும் கவனியுங்கள். சில கம்பனிகளுக்கு இரண்டு விதமான பங்குகள் உண்டு. உதாரணமாகக் கொமர்ஷல் வங்கிக்கு வாக்குரிமை உள்ள பங்கு வேறு, வாக்குரிமை இல்லாத பங்கு வேறு. குறியீட்டில் முதலாவதற்கு 'என்' எழுத்தும், இரண்டாவதற்கு 'எக்ஸ்' எழுத்தும் வரும். விலையும் வேறு, வாங்குபவரின் எண்ணிக்கையும் வேறு.

விலைக்கும் உழைப்புக்கும் உள்ள விகிதம் என்று இன்னோர் இலக்கம் தெரியும். பங்கின் விலையைப் பங்கொன்றுக்கான வருட உழைப்பால் பிரித்து வருவது. கடை ஒன்றை வாங்கும்போது, வருட இலாபத்தைப் போல எத்தனை மடங்கு கேட்கிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லையா? அதேதான். ஆனால் அந்த இலாபம் வியாபாரத்தில் வந்ததா, காணி ஒன்றை விற்றதால் அந்த வருடம் மட்டும் வந்ததா என்று கேளுங்கள். காணியை ஒருமுறைதான் விற்கலாம்.

ஓடர் போடுவதற்கு முன்

என் அனுபவத்தில் ஐந்து விடயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: கடந்த ஒரு மாதத்தில் நாளொன்றுக்கு எத்தனை பங்கு, எத்தனை வியாபாரம் என்று பாருங்கள். நீங்கள் வாங்கப் போகும் தொகை ஒரு நாள் வியாபாரத்தை விடப் பெரிது என்றால், வெளியே வருவது கஷ்டம் என்று இப்போதே விளங்கிக் கொள்ளுங்கள்.

இரண்டு: வாங்கும் முன்பே விற்கும் கணக்கைப் போடுங்கள். வாங்குபவர் வரிசையை மேலிருந்து கீழாகக் கூட்டிப் பாருங்கள். உங்கள் பங்கின் இன்றைய பெறுமதி அதுதான்.

மூன்று: போக வரச் செலவு சுமார் 2.24 வீதம். அதற்கு மேல் விலை ஏறினால்தான் உங்களுக்கு முதல் சதம் இலாபம்.

நான்கு: "சந்தை விலைக்கு எடு" என்று சொல்லாதீர்கள். இன்ன விலைக்கு மேல் வேண்டாம் என்று எல்லை போட்டு ஓடர் கொடுங்கள். தூங்கும் பங்கில் எல்லை இல்லாத ஓடர் கொடுப்பது, பெறுமதி எழுதாமல் செக் கொடுப்பது போன்றது.

ஐந்து: திகதி உள்ள காசைப் போடாதீர்கள். சரக்குக்குக் கட்டும் காசு, சுங்கத்துக்குக் கட்டும் காசு, பிள்ளையின் கல்யாணக் காசு, இவற்றுக்கெல்லாம் நாள் குறித்திருக்கிறது. விற்ற பிறகும் பணம் அன்றே கைக்கு வராது, வியாபாரம் தீர்க்கப்படும் நாள்வரை காத்திருக்க வேண்டும்.

வட்ஸ்அப் குழுக்களில் "இன்று இந்தப் பங்கு பறக்கும்" என்று வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுப்பியவர் அந்தப் பங்கை ஏற்கனவே வாங்கி வைத்திருக்கலாம். அப்படியானால் அவர் தேடிக் கொண்டிருப்பது வாங்க ஓர் ஆளை. அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.

மருமகன் அன்று பங்கு வாங்கவில்லை. பில் புத்தகத்தின் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போனான். போன கிழமை மீண்டும் வந்தான். அதே பங்கு 21 ரூபாவுக்கு இறங்கியிருந்தது. அன்று மதியம் வரை அதில் ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. அதைச் சொல்லி விட்டு வேறொரு கம்பனியின் திரையைக் காட்டினான். இந்த முறை அவனே முதலில், "மாமா, வாங்குற பக்கத்தில நாற்பதாயிரம் பங்கு நிக்குது, ரெண்டுக்கும் இடையில இருபது சதம்தான்" என்றான்.

"என்ன காசு?" என்றேன்.

"இது சரக்குக் காசு இல்ல மாமா. ஒரு வருஷத்துக்குத் தேவைப்படாத காசு."

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கம்பனியின் வருடாந்த அறிக்கையை எடுத்து வரச் சொன்னேன். அதை எப்படி வாசிப்பது என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் எழுதுகிறேன்.